சிவப்புச் சேலைக்காரி உட்கார்ந்த இடம்

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனக் கூட்டம். தேரோடும் வீதிக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெற்று மைதானம். இரண்டு மூங்கில்களுக்கு நடுவே கட்டிய வெள்ளைத் துணியில், தலையில் கூடை சுமந்த ஒரு சிவப்புச் சேலைக்காரி படியேறிக்கொண்டிருக்கிறாள். பாதிப் படியில் நிற்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்காருகிறாள்.

வேனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நான், குரலை மாற்றி ஒரு மாமியாராகக் கத்தினேன்.

"என்னாடி மகாராணி, உக்காந்துட்டியா? பல்லக்கு வரணுமா?"

கூட்டம் குலுங்கியது. மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்திலிருந்தவர் தோளில் சாய்ந்து சிரித்தார்கள். முன்வரிசையில் என் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் மனைவி அஞ்சலாட்சி. ஆறு மாதக் கர்ப்பிணி.

வேனில் ஊர் ஊராகச் சுற்றிய கதையைப் போன வாரம் இந்தத் தொடரில் படித்த ஒரு வாசகி, 'எல்லாம் சரி, உங்கள் வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே' என்று கார்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் இந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை.

உடம்புக்குள் ஒரு கூட்டுக் குடும்பம்

அறுபதுகளில் சுகாதாரப் பிரச்சார வேனில் எனக்கு வேலை. கடலூரில் புறப்பட்டால் ஒரு நாள் பண்ருட்டிப் பக்கம், ஒரு நாள் சிதம்பரம், மறுநாள் பிச்சாவரத்தையொட்டிய மீனவர் குப்பங்கள். பகலில் நர்ஸம்மாவோடு முகாம். பொழுது சாய்ந்ததும் திரை கட்டிப் படம்.

எங்களிடம் இருந்த படங்களில் ஒன்று வெளிநாட்டுக் கார்ட்டூன். மனித உடம்பை ஒரு பெரிய மாடி வீடாகக் காட்டும். இதயம், ஈரல், வயிறு எல்லாவற்றுக்கும் கை கால் முளைத்து நடமாடும். பேச்சு முழுக்க இங்கிலீஷ். முதல் தடவை குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு ஊரில் போட்டோம். பத்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மீதிப் பாதி தூங்கிவிட்டது.

"மச்சான், அந்தச் சத்தத்த அமுத்துங்க. நாமளே பேசிடலாம்" என்றார் காசிம் பாய்.

காசிம் பாய் எங்கள் வேன் டிரைவர், பரங்கிப்பேட்டைக்காரர். புரொஜெக்டரை ஓட்டுவதும் அவர்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சிரிக்காமலே சிரிக்கவைக்கக் கூடியவர். மறுநாள் அவர் சொன்னபடியே ஒலியைத் திருகி அணைத்துவிட்டு, ஆளுக்கொரு மைக்கைப் பிடித்துக்கொண்டோம்.

உடம்பை வீடாக்கியது வெள்ளைக்காரன். அதில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தது நாங்கள்.

இதயம்தான் குடும்பத் தலைவர். காசிம் பாய் குரல். "எனக்கும் ஒரு நாள் லீவு போடணும்னு ஆசதான். போட்டா மறுநாள் வாசல்ல பந்தல் போட்டுடுவானுங்களே" என்பார். மூளை, மாடி அறையைவிட்டு இறங்காத படித்த மச்சான். வேலை செய்யமாட்டான், உத்தரவு மட்டும் போடுவான். வயிறு, காலையில் எழுந்ததும் "இன்னைக்கு இன்னா குழம்பு?" என்று கேட்கிற பெரியப்பா. ஈரல், சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் மாமியார். அது என் குரல்.

நுரையீரலில் காற்றை வாங்கிக் கூடையில் சுமந்துகொண்டு வீடு முழுக்க ஓடி ஓடிக் கொடுக்கிற ரத்த அணு, வீட்டு மருமகள். படத்தில் அவள் போட்டிருந்தது சிவப்புக் கவுன். நாங்கள் கூசாமல் சிவப்புச் சேலைக்காரி என்றோம். ஜனங்களுக்கும் அது சேலையாகத்தான் தெரிந்தது.

பாதிப் படத்தில் கொக்கிப்புழு வரும். வெறுங்காலில் நடக்கிறவன் பாதம் வழியாக உள்ளே நுழைந்து, குடலில் பல்லை ஊன்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதை வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை ஆக்கினார் காசிம் பாய். "தீபாவளிக்கு வந்தேன். பொங்கல் வரைக்கும் இருந்துட்டுப் போறேன் மாமா" என்று அவர் இழுக்கும்போது ஆண்கள் கைதட்டுவார்கள்.

மாப்பிள்ளை குடிக்கக் குடிக்க மருமகள் வெளுத்துப்போவாள். அப்போதுதான் அந்தப் படிக்கட்டுக் காட்சி. அவள் உட்காருவாள். இங்கிலீஷ்காரன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருந்தான் என்று நாங்கள் கவனிக்கவே இல்லை. நான் பல்லக்கு வசனத்தை எடுத்துவிடுவேன். அதற்குத்தான் ஜாஸ்தி சிரிப்பு. சில ஊர்களில் மறுநாள் காலை டீக்கடையில் அந்த வசனம் என் காதிலேயே விழுந்திருக்கிறது. அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

வசனம் வந்த வழி

அந்த வசனம் என் கற்பனை இல்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கடலூர் புதுப்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அம்மா, நான், அஞ்சலாட்சி. குழாய் கீழே தெருமுனையில். பதினாலு படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் எடுப்பது அஞ்சலாட்சி வேலை. வந்த புதிதில் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக நிற்காமல் ஏறிவிடுவாள். கர்ப்பமான பிறகு ஏழாவது படியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தாள்.

மேலேயிருந்து அம்மா எட்டிப் பார்ப்பாள். "என்னாடி மகாராணி, உக்காந்துட்டியா? பல்லக்கு வரணுமா?"

அம்மா கொடுமைக்காரி இல்லை. அவள் வாய் அப்படி. நான் பேப்பர் படித்துக்கொண்டே சிரிப்பேன். ஒரு நாள் சிரித்து முடித்ததும், இது மைக்கில் நன்றாக எடுக்குமே என்று தோன்றியது. எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. அஞ்சலாட்சிக்கு மசக்கை விடவே இல்லை. வாந்தி நின்றுபோன பிறகும் ஊற வைக்காத பச்சரிசியை மென்றுகொண்டே இருப்பாள். பிறகு மண். மழை பெய்து வாசனை கிளம்பினால் அவள் முகமே மாறிவிடும். "பண்ருட்டிப் பக்கம் போனா கொஞ்சம் செம்மண்ணு எடுத்தாறீங்களா?" என்று ஒரு நாள் என்னிடம் கூச்சத்தோடு கேட்டாள்.

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கொண்டாந்து குடுடா. மாசமா இருக்கிறவ ஆசப்பட்டத குடுக்காம வுட்டா, பொறக்கிற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்."

கொண்டு வந்தேன். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வேனை நிறுத்தச் சொல்லி, கல் இல்லாத நல்ல மண்ணாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தேன். அதே தோப்பில் அரைமணி நேரத்துக்கு முன்புதான், "மண்ணுலதான் புழு இருக்குது, வெறுங்கால்ல நடக்காதீங்க, கையக் கழுவாம சாப்புடாதீங்க" என்று மைக்கில் தொண்டை கிழியப் பேசியிருப்பேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக என் மண்டைக்கு எட்டவில்லை. அது ஊருக்கான பேச்சு. இது என் பெண்டாட்டியின் மசக்கை.

காசிம் பாய் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி நான் மண் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "எங்க வீட்லயும் மூணாவதுக்கு அடுப்புச் சாம்பலுதான் கேட்டா" என்பார். அவருக்கும் அது அதிசயமாகப் படவில்லை.

கீழ வீதியில் ஒரு கேள்வி

திருமஞ்சனத்துக்கு அம்மாவையும் அஞ்சலாட்சியையும் வேனிலேயே சிதம்பரம் அழைத்து வந்திருந்தேன். அஞ்சலாட்சியின் தாய்வீடு அங்கேதான், ஊருக்கு வெளியே வயற்காட்டுப் பக்கம். இத்தனை நாள் சுற்றியும் என் படத்தை அவர்கள் இருவரும் பார்த்ததில்லை. மாமனார் வீட்டாருக்கு முன்னால் மாப்பிள்ளை மைக் பிடிப்பதைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் எனக்கு இருந்தது.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. அம்மா யாரோ தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். நானும் அஞ்சலாட்சியும் கீழ வீதியில் மெதுவாக நடந்தோம். பொரிகடலைக் கடைகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. அவள் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவ ஏங்க உக்காந்தா?" என்றாள்.

"எவ?"

"அந்தச் செவப்புச் சேலக்காரி."

"ரத்தம் கொறஞ்சு போச்சு, அதான். காசிம் பாய் சொன்னாரே."

"அத தெரிஞ்சுகினேதானா நீங்க அப்படிக் கத்துனீங்க?"

அவள் ஒரு கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. நாங்கள் நடந்தது நூறு அடிகூட இருக்காது.

"படி ஏறும்போது நெஞ்சு அடிச்சுக்குங்க. காதுல குய்யினு சத்தம் கேக்கும். அப்புறம் கண்ணு இருட்டும். அந்த எடத்துலயே உக்காந்துடணும். இல்லன்னா கொடத்தோட விழுந்துடுவேன். தெனமும் அப்படித்தான் உக்கார்றேன்" என்றாள். "அத்த கேக்கறது நம்ம வூட்டு மாடியோட போயிடும்னு இருந்தேன். நீங்க ஊருக்கே மைக்கு கட்டிச் சொல்லிட்டீங்க. எங்கப்பாகூட சிரிச்சாரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

முகாம்களில் ஒரு வேலை உண்டு. வருகிறவர்களின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கம் பார்க்க வேண்டும். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தசோகை. பெண்களுக்கு நர்ஸம்மா பார்ப்பார். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான். எத்தனையோ நூறு இமைகளை இழுத்துப் பார்த்த விரல் இது.

அந்தக் கடை வெளிச்சத்தில், வீதி என்றும் பார்க்காமல், அவள் முகத்தை நிமிர்த்தி இமையைக் கீழே இழுத்தேன். உள்ளே நுங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் எதிரே உட்கார்ந்து சோறு போட்டவளின் கண்ணை நான் பார்த்திருக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டது

மறுநாளே கடலூர் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவும் கூட வந்தாள். டாக்டரம்மா நகத்தை அழுத்திப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தமும் மலமும் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னை நிற்கவைத்தே பேசினார். இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை. வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது. வயற்காட்டில் வெறுங்காலோடு வளர்ந்த பெண், அங்கிருந்தே வந்திருக்கலாம்.

"பிரசவத்துல யாருக்கும் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். இந்தப் பொண்ணுக்கு அந்தக் கொஞ்சமே தாங்காது. இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள ரத்தத்த ஏத்தியாகணும்" என்றார்.

பிறகு அஞ்சலாட்சியிடம் திரும்பி, "மண்ணு திம்பியாம்மா?" என்று கேட்டார்.

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ரத்தம் இல்லாததாலதான் அந்த ஆசை வருது. மசக்கைன்னு நெனச்சுக்குவாங்க. மண்ணத் தின்னா இருக்கிற சத்தும் ஒடம்புல ஒட்டாது. யாரு கொண்டாந்து குடுத்தது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சார் எங்க வேல பாக்கறீங்க?"

சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஊருக்குத்தானடி உபதேசம் என்கிற பழமொழியை அந்த ஒரு பார்வையிலேயே சொல்லி முடித்துவிட்டார்.

புழுவுக்கு மருந்து பிரசவத்துக்குப் பிறகு என்றார். அதுவரை ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும். அம்மா வழியில் முனகினாள். "இரும்ப முழுங்குனா புள்ள கருப்பா பொறக்கும்னு சொல்வாங்களேடா."

"பொறக்கட்டும்மா. இவ இருக்கணும்ல" என்றேன்.



வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்று செய்தாள். ஜன்னல் மாடத்தில் நான் முடிந்து வைத்திருந்த செம்மண்ணை எடுத்துப்போய்த் தெருவில் கொட்டினாள். அந்தக் கைக்குட்டையை உதறி, துவைத்து, காயப்போட்டாள். அடுத்த நாள் காலை நான் எழுந்தபோது மூன்று குடமும் நிரம்பியிருந்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்நேரம் இறங்கினாள், எத்தனை தடவை ஏறினாள் என்று தெரியாது. அன்றிலிருந்து தண்ணீர் என் வேலை ஆனது. தலையில் துண்டு சுற்றிக்கொண்டு நான் குடம் தூக்கியதைப் பார்த்து எதிர்வீட்டார் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. வளையல் அடுக்கினோம், அனுப்பவில்லை. ஊசி தவறக்கூடாது. மாமனார் வருத்தப்பட்டார். நான் அவளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். கல்யாணத்தில் போட்ட நகையைவிட அதைத்தான் தெருவில் எல்லாரும் உற்றுப் பார்த்தார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் வலி எடுத்தது. காசிம் பாய் சொந்தக்காரர் ஒருவரின் காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை என்றார்கள். அதற்குப் பிறகும் டாக்டரம்மா வெளியே வர ரொம்ப நேரம் ஆனது. ரத்தப்போக்கு நிற்காமல், போராடி நிறுத்தியிருக்கிறார்கள்.

"பொழச்சுக்கிட்டா. மொத நாள் என்கிட்ட வந்தப்ப இருந்த ஒடம்போட இன்னைக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் கையைக் கழுவப் போய்விட்டார்.

மஞ்சக்குப்பம் மைதானம்

படத்தை நாங்கள் நிறுத்தவில்லை. ஆனால் படிக்கட்டுக் காட்சி வந்தால் நான் மைக்கைக் கீழே இறக்கிவிடுவேன். புரொஜெக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். சிவப்புச் சேலைக்காரி பேசாமல் உட்காருவாள். காசிம் பாய் மட்டும், இதயத்தின் குரலில், "ஏம்மா, ஒடம்புக்கு முடியலியா?" என்று ஒரு வரி கேட்பார். அவராகச் சேர்த்துக்கொண்டது. யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அடுத்த வருடம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அங்கே படம். அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். பக்கத்தில் அஞ்சலாட்சி, காலில் செருப்போடு.

கடலூர்க்காரர்கள் பாதிப் பேர் படத்தை முன்பே பார்த்தவர்கள். காட்சி வந்தது. மைக்கை இறக்கினேன். மைதானம் வசனத்துக்குக் காத்திருந்தது. வரவில்லை என்றதும் பின்னாலிருந்து சிலர், "வசனம் எங்கப்பா?" என்று குரல் கொடுத்தார்கள். அவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தர், பிறகு பத்துப் பேர், பிறகு பாதி மைதானம். "என்னாடி மகாராணி! பல்லக்கு வரணுமா?"

நான் ஊர் ஊராக விதைத்தது. கையில் மைக் இருந்தும் அதை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைத் திரைக்குக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். புரொஜெக்டர் வெளிச்சம் அவள் முகத்திலும் விழுந்தது. மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைவரை போகும். பதினாலு படி இறங்கித் தெருமுனைக் குழாய்வரை போன குரல் அது.

"எவன்டா அவன் கத்தறவன்? சும்மா இருங்கடா. அவளுக்கு முடியல. உக்காரட்டும்!"

மைதானம் அடங்கிவிட்டது. அம்மா திரும்பி உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போலக் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன்.

அந்தப் படத்துக்கு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.